மூன்றாம் கட்டு: திருத்தங்கள்

மேட்டுப்பாளையம் பஸ்ஸிலிருந்து
நாலு அட்டைப்பெட்டி இறங்கியது,
சிவகாசி மை வாசம் போகாமல்.
கோத்தகிரியில், அஷ்ஃபாக்கின் செல்போன் கடை மாடியில்
முதல் பெட்டியைக் கீறும்போது கை நடுங்கியது.
குளிர் என்றுதான் பிலோமினாவிடம் சொன்னேன்.

விதி எழுதுகிறவளுக்கு
ஆயுதம் ஒரு விகுதி.
‘ஒரு சீட்டு எடுக்கலாம்’ என்று இருந்தது
‘ஒரு சீட்டு எடுக்க வேண்டும்’ என்றானது.
அவ்வளவுதான்.
அடுக்கு தீர்ந்துபோனவன் இனி
எடுக்க ஒன்றுமில்லாமலே தோற்பான்.
ஒரு ‘லாமு’க்குள் எத்தனை பேர் ஒளிந்திருந்தார்கள் என்று
சோதனை ஆட்டங்களில்தான் தெரிந்தது.

கழித்த சீட்டுகளின் குவியலுக்கு
முதல் கட்டில் ‘சுடுகாடு’ என்று பெயர்.
அம்மாக்கள் முகம் சுளித்தார்கள்.
இப்போது ‘சருகு’.
சருகிலிருந்து எதுவும் மறுபடி முளைக்கலாம் என்பதால்
பொருத்தமும் கூடிவிட்டது.
சொன்னது பிலோமினா,
பெருமை எனக்கு.

பச்சையும் சிவப்பும் ஒன்றாகத் தெரிகிற பையன் ஒருவன்
அரவேனுவிலிருந்து வருவான்.
அவனுக்காகச் சோலைச் சீட்டின் மூலையில் ஓர் இலை,
தீச்சீட்டின் மூலையில் ஒரு கங்கு.
இதை மட்டும் யாரும் கேள்வி கேட்கவில்லை.
கடமானின் கொம்பு சட்டத்தைத் தாண்டி நீள்கிறது.
சீகை மரத்தின் விலையில் ஒன்று குறைத்திருக்கிறோம்.
வெளியே அது இலவசம்.

பிறகு, மூடுபனி.

கேரட் லோடு பிக்கப்பை ஓரங்கட்டிவிட்டு
ஞாயிறு தவறாமல் மாடியேறுவார் ஜோகி.
மூன்றாவது முறையில் பனியை இறக்குவார்.
அது மேசையில் கிடக்கும்வரை
எதிராளி தாக்க முடியாது.
அவர்பாட்டுக்கு மரம் வளர்ப்பார்.
பன்னிரண்டாவது மரத்தில் கை கொடுப்பார்.
இரண்டு வருஷமாக அவரை யாரும் ஜெயிக்கவில்லை.
போன மழைக்குப் பிறகு
அவர் எதிரே யாரும் உட்காரவும் இல்லை.

புதிய வாசகம்:
‘இரண்டு முறை கழிந்ததும் மூடுபனி சருகில் சேரும்.’

படித்தார். திருப்பினார். மறுபடி படித்தார்.
“யாரு மாத்துனது?”
“கமிட்டி” என்றேன்.
கமிட்டி என்பது நான், பிலோமினா,
ஒரு பொட்டலம் வர்க்கி.

“பழசு நாலு வச்சிருக்கேனே.”
‘பழைய சீட்டில் என்ன அச்சாகியிருந்தாலும்
புதிய வாசகமே செல்லும்.’
ஏழாம் விதியை வாசித்துக் காட்டினேன்.
தாசில்தார் குரலில் வந்தது.

ஜன்னலைப் பார்த்தார்.
காலையிலிருந்தே எதிர்க்கடை போர்டு தெரியவில்லை.
“ரெண்டு முறை எப்பவோ முடிஞ்சிருச்சு.
அதையும் சருகுல போடச் சொல்லுங்க.”

அஷ்ஃபாக் மட்டும் சிரித்தான்.

பழைய நாலும் சட்டைப்பைக்குப் போயின.
ஏழு பாக்கெட் பிரித்து
புதிய மூடுபனி இரண்டை அடுக்கில் சொருகி
உறை போடாமல் கலைத்தார்.
எதிரே உட்கார ஆள் இல்லாததால்
நான் உட்கார்ந்தேன்.

இந்தக் கட்டில் ‘குறி’ என்று ஒரு சீட்டு உண்டு.
உன் அடுக்கின் மேல்சீட்டைப் பார்க்காமல் பெயர் சொல்,
சரியென்றால் ஐந்து மரம் நடு.
யார் சொல்லிவிடப் போகிறார்கள் என்று
நான்தான் ஐந்து போட்டேன்.

“மூடுபனி” என்றார் ஜோகி.
மூடுபனிதான்.
நாலு முறை கழித்து
இரண்டாவது குறியை வைத்தார்.
“மூடுபனி.”

பன்னிரண்டாவது மரம் நட்டபோதுதான்
சீட்டுகளின் முதுகைப் பார்த்தேன்.
புதிய அச்சில் நீலம்
ஒரு நூல் கூடுதல்.

“முன்பக்கம் நீங்க எழுதுனீங்க,
பின்பக்கம் சிவகாசி எழுதியிருக்கு” என்று
கை கொடுத்தார்.
கேரட் மண் ஒட்டிக்கொண்டது.

பதினோராம் விதி: ‘சீட்டுகளுக்கு உறை போடலாம்.’
பென்சில் தேடி எடுத்து
‘லாம்’ மேல் ஒரு கோடு இழுத்தேன்.
“வேண்டும்னு போடுங்க, அப்பத்தான் கேப்பாங்க”
என்று சொல்லிக்கொண்டே
பொட்டலத்தில் மிஞ்சியிருந்த கடைசி வர்க்கியை
எடுத்துக்கொண்டார் ஜோகி.