காந்தம் பிடிக்காத இடம்

நீலம் வேண்டாம், பச்சைப் பட்டையும் வேண்டாம்,
கதவிடுக்கில்கூட ஒரு பொட்டு மிஞ்சக் கூடாது
என்றான் எலியோதோரோ போமா.
சங்கம் மாறிவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.
எல் ஆல்டோவில் மினிபஸ்காரன் சங்கம் மாறுவதும்
மச்சானோடு பேச்சை நிறுத்துவதும்
ஏறக்குறைய ஒரே காரியம்.
மேலேயே அடித்துவிடலாமே, பாதிக் கூலிதான் என்றேன்.
"அடியில் அவர்கள் இருப்பார்களே."

கைப்பிடி, ரப்பர், கண்ணாடி கழற்றி
துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மேல் நடத்தினேன்,
திருடன் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல.
முன்கதவு பிடித்தது. பின்பக்கம் பிடித்தது.
நகரும் கதவின் கீழ்ப்பாதியில்
ஒரு ரொட்டி அகலத்துக்கு
வழுக்கி என் காலடியில் விழுந்தது.

நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
ரிமூவர் அவசரக்காரன்,
தூரிகையை எடுப்பதற்குள் பறந்துவிடுவான்.
கதவை முக்காலிகள்மேல் கிடத்தி
ஒரே திசையில், தடிப்பாக, திரும்பித் தேய்க்காமல் பூசி
உடனே பிளாஸ்டிக் தாள்.
காற்றுக்கு, நாலு மூலைக்கும் நாலு கல்.
கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே
ஒரு துளி எப்படியும் வழி கண்டுபிடிக்கும்.
தண்ணீர் வாளி அதற்குத்தான்.

இருபது நிமிஷத்தில் பாலாடைபோல் சுருங்கி எழுந்தது
பச்சைப் பட்டை, அப்புறம் நீலம்,
அப்புறம் எவனோ முன்னொரு சொந்தக்காரனின் பழுப்பு.
ஜப்பானில் தொழிற்சாலை பூசிய வெள்ளை மட்டும்
இரண்டாம் பூச்சு கேட்டது.
வழித்துப் போட்ட டப்பாவில்
எல்லா நிறமும் சேர்ந்து
ஈரல் நிறம்.

கம்பிச் சக்கரம் போடேன் என்றான் வில்மெர்.
சூடேறினால் தகடு நெளியும், போடா.
பட்டியை எண்பதாம் நம்பர் தாளால் இறக்கினேன்.
ரோஸ் நிறம், விரல் தடிமன்.
அதன் மேலே நீலம் மட்டும் இருந்தது, பழுப்பு இல்லை.
அப்படியென்றால் வண்டி நீலமாக இருந்தபோது பட்ட அடி.

மோதியிருந்தால் பள்ளம் நீளமாக இழுத்திருக்கும்.
ஆலங்கட்டி என்றால் சின்னதாய்ப் பல.
இது ஒன்றே ஒன்று. மூன்று முனை.
நடுவில் தகடு கிழியப் பார்த்து
கிழியாமல் நின்ற இடம்.

மறியல் நடந்த வருஷம்
ரியோ செகோ திருப்பத்தில் நின்ற நூறு பேரில்
நானும் ஒருத்தி.
தடுப்பை மீறி ஒரு நீல மினிபஸ் வந்தது.
எல்லாரும் எறிந்தார்கள். நானும்.
பட்டதா என்று பார்க்கவில்லை,
குனிந்து அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தேன்.
நீல மினிபஸ் இந்த ஊரில் ஆயிரம்.

இது எப்படி என்று எலியோதோரோவைக் கேட்டேன்.
"பழசு" என்றான்.
கொஞ்சம் கழித்து,
"கோழிக்குஞ்சு ஏற்றியிருந்தேன், இருநூறு.
வண்டி நின்றால் குளிரில் விறைத்துவிடும்."
பிழைத்தனவா?
"பாதி. மறியலை மீறினேன் என்று சங்கம் வேறு
அபராதம் போட்டது. மூன்று வருஷம் கட்டினேன்."
அவன் டப்பாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பப் பட்டி நிரப்பினால் அரைமணி வேலை.
நான் கதவைப் புரட்டி உள் அட்டையைக் கழற்றினேன்.
ஒரு பக்கம் இரும்புக்கட்டை, மறுபக்கம் சுத்தி,
ஓரத்திலிருந்து நடுவுக்கு,
கொட்டாமல், தட்டி, தடவி, மறுபடி தட்டி.
தகட்டுக்கு ஞாபகம் உண்டு என்பார்கள்.
உண்டு; ஆனால் அதை அவசரப்படுத்தினால்
வேறு எங்கோ உப்பிக்கொண்டு பழிவாங்கும்.
இதற்கு யார் காசு தருவார் என்று வில்மெர் கேட்டான்.
சுத்திச் சத்தத்தில் கேட்காததுபோல் இருந்தேன்.

வெறுந்தகட்டை இரவில் விட்டால்
விடிவதற்குள் துரு பூத்திருக்கும்.
மலைக்குப் பின்னால் வெயில் இறங்குவதற்குள்
துடைத்து, பிரைமர் அடித்தேன். சாம்பல் நிறம்.
அது காய்ந்த பிறகு காந்தத்தை வைத்துப் பார்த்தேன்.
நின்றது.

தாளை மடித்தாயிற்று.
நாலு கல்லையும் எங்கே போடுவது என்று தெரியாமல்
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
செவெரா, துப்பாக்கி அடைத்துக்கொள்ளப் போகிறது,
கழுவு என்று கத்தினான் வில்மெர்.