ஏழாவது காய்ச்சல்

குளிர்பெட்டிக் கதவில் பழைய காஸ் பில் ஒன்று.
அதன் முதுகில் என் கையெழுத்தில் ஆறு திகதிகள்,
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண்:
முப்பத்தொன்பது. முப்பத்தொன்பது புள்ளி நாலு.
நத்தாருக்கு முந்தின இரவுக்கு மட்டும் எண் இல்லை.
வெப்பமானியின் பற்றரி செத்துப்போயிருந்தது,
உள்ளங்கையால் அளந்தேன்.

ஏழு வேணும் என்றார் டொக்டர் லிண்ட்சே.
ஒரு வருடத்துக்குள் ஏழு.
கனிவாகத்தான் சொன்னார்.
கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்,
அதில் ஐந்துதான் இருந்தன.
ஒரு காய்ச்சலின் காலையில்
எட்டு மணிக்கே அழைத்தும்
தொலைபேசி வரிசையில் நான் பதினேழாவது ஆள்.
எட்டே முக்காலுக்கு
இன்றைய இடங்கள் முடிந்துவிட்டன.
பதியாத காய்ச்சல் கணக்கில் இல்லை.
அதுவும் சுட்டது.

சூரிச்சிலிருந்து மச்சாள்:
வெட்ட விடாதேங்கோ, குரல் போயிடும்,
ஆரபி எண்டு பேரை வேற வச்சிருக்கிறியள்.
ரொரன்ரோவிலிருந்து
மஞ்சளும் தேனும் பற்றி பதினொரு நிமிட வீடியோ.

ஆரபி ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
அவளுடைய 'வாழை'யின் ழ
வீங்கிய இரண்டு கதவுகளுக்கு நடுவே
தோளை ஒடுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

ரோர்ச்சை எடுத்தாலே போதும்,
நான் கேட்குமுன் 'ஆ' என்பாள்.
உள்ளே, யூலையில் நாங்கள் பிடுங்கிய
ஸ்ட்ரோபெரி இரண்டு,
சீனி தூவினதுபோல் வெள்ளைப் புள்ளிகளுடன்.

ஒக்டோபரில் நல்லாயிருந்தாள்.
நவம்பரிலும்.
டே ஆற்றுப் பாலம் பாதியோடு
மூடுபனிக்குள் முடிந்துபோன ஒரு காலை,
பள்ளி வாசலில் சால்வையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.
நான் கூப்பிடவில்லை.
டன்டீ நகரத்துக் கடற்காற்றில்
கழுத்துத் திறந்து ஓடுகிற பிள்ளையை
ஓர் அப்பன் கூப்பிடாமல் நின்றான்.
ஒரு கணம்தான்.
பிறகு சால்வையோடு துரத்திக்கொண்டு போனேன்.
வதனிக்கு இதை இன்னும் சொல்லவில்லை.

வந்தது.
தை மாதம் ஒன்று, இரண்டு கிழமை விட்டு இன்னொன்று.
இரண்டும் கணினியில் ஏறின.
நன்றி டொக்டர் என்று சொல்லிவிட்டு
எதற்குச் சொன்னேன் என்று
பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.

அதற்குப் பிறகு வேறொரு வரிசை.
அதில் நிற்கும்போதே ஆரபிக்கு
ஆறரை வயது ஏழரை ஆனது,
முன்பல் இரண்டு விழுந்து ஒன்று முளைத்தது.

முகமூடிக்கு எந்த மணம் வேணும்,
ஸ்ட்ரோபெரியா தோடம்பழமா
என்று கேட்டாள் மயக்க மருந்து கொடுப்பவள்.
'அய், தோடம்பழம்' என்றாள் என் மகள்
சுத்த ஸ்கொட்லாந்துக்காரியாக.
பத்திலிருந்து பின்னுக்கு எண்ணச் சொன்னார்கள்.
ஏனோ தமிழில் எண்ணினாள்.
பத்து. ஒன்பது. எட்டு.
ஏழுக்கு அவள் வரவில்லை.
என்னை வெளியே போய்த் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்கள்.

ஐஸ்கிரீம் மட்டும் போதாது,
ரோஸ்ட் பாண் கொடுங்கோ, மென்று விழுங்கவேணும்
என்றாள் தாதி.
சொந்தக்காரர் ஒருவரும் நம்பவில்லை.
ஒவ்வொரு துண்டுக்கும் ஆரபி
சத்தமில்லாமல் அழுதாள்.
ஐந்தாம் நாள் வாய் மணத்தது,
வெட்டின இடமெல்லாம் வெள்ளைப் படை.
அது ஆறுகிற புண்ணின் நிறமாம்.
இத்தனை நாளும் நோயின் நிறம் என்று
நான் படித்து வைத்திருந்தது அதைத்தான்.

காஸ் பில்லின் மூலையில் எழுதிக் கேட்டாள்:
என்ர ரெண்டும் எங்க?
டொக்டரிட்ட இருக்கு என்றேன்.
வச்சு என்ன செய்வார்?
எனக்குத் தெரியவில்லை.
எழுதுகோலைத் திருப்பிக் கொடுத்தேன்.

பதினோராம் இரவு திடுக்கிட்டு எழும்பினேன்.
வீட்டில் ஏதோ நின்றுபோயிருந்தது.
குளிர்பெட்டி ஓடுகிறது.
வெளியே கடற்புள் ஒன்று கத்துகிறது.
மூன்று வருடமாகச் சுவருக்கு அப்பால்
அரிந்துகொண்டிருந்த குறட்டை,
அதுதான் இல்லை.

இருட்டில் போய்க் குனிந்து
அவள் மூக்கருகே விரலை வைத்தேன்.
நித்திரை கலையாமலே
வாயை அகலத் திறந்தாள்,
ஆ.

என் கையில் ரோர்ச் இருக்கவில்லை.