வெயிலில் வைப்பர்

முதல் நாள்
இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.
எதிரே ஸ்டியரிங் இல்லை.
வாட்ச்மேன் யேசுபாதம் பார்த்துக்கொண்டிருந்தார்.
எதையோ தேடுகிறவள்போல
டேஷ்போர்டைத் திறந்து
பழைய இன்ஷூரன்ஸ் தாளை எடுத்து
இரண்டு பக்கமும் படித்தேன்.
அவரும் தென்னையில் காய் எண்ணுகிறவர்போல
மேலே பார்த்தார்.
அவ்வளவு நாகரிகம் அந்த மனிதருக்கு.

மினியாபொலிஸில் பதினாறு வருடம்.
பனியில் ஓட்டியிருக்கிறேன்,
உறைந்து பளபளக்கும் பாலத்தில்,
பின்சீட்டில் பிள்ளை வாந்தியெடுக்க எடுக்க.
ஹாரன் அடித்தது மொத்தம் மூன்று தடவை.
ஒன்று மானுக்கு.
மற்ற இரண்டும் குமரவேளுக்கு,
வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு,
நேரமாயிற்று என்று.

இங்கே கீழ்க்கட்டளை தாண்டுவதற்குள்
முப்பது அடித்திருப்பேன்.
கோபமில்லை அதில்.
இருட்டில் படியிறங்குகிறவர்
செருமிக்கொள்வார் இல்லையா, அந்த மாதிரி.
இது புரிய எனக்கு ஆவணி ஆயிற்று.
அதுவரை யார் ஹாரன் அடித்தாலும்
என்ன தப்பு செய்தேனோ என்று
கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்த்தேன்.

கைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை.
திரும்ப வேண்டுமென்று நினைத்தாலே
இடக்கை போய் ஒரு குச்சியைத் தூக்கிவிடும்.
மே மாதம், உச்சிவெயில்,
சொட்டு ஈரமில்லாத கண்ணாடியில்
வைப்பர் கிறீச் கிறீச்சென்று
போய்வரும்.
தண்ணி கேன் போடும் பையன்
பக்கத்தில் வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்து
"எங்க ஏரியாவுல பெய்யலியேக்கா" என்றான்.

மடிப்பாக்கம் கூட்ரோட்டில்
முதலில் வந்தவர் முதலில் போகட்டும் என்று
அந்த ஊர் வழக்கப்படி
நிறுத்திக் கைகாட்டினேன்.
போனார்கள்.
ஷேர் ஆட்டோ போயிற்று, தண்ணீர் லாரி போயிற்று,
ஒரே ஸ்கூட்டியில் மூன்று பேரும் ஒரு குக்கரும் போனார்கள்,
கடைசியாக ஓர் எருமை.
அது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது.
பின்னாலிருந்து ஒரு குரல்:
"இன்னாம்மா, கல்யாண மண்டபமா இது?
வாசல்ல நின்னு வரவேற்கிற!"

ராத்திரி போனில் குமரவேள் கேட்பார்
ஓட்டறியா?
ஓட்டறேன்.
என் பழைய வண்டியை இன்னும் விற்கவில்லையாம்.
வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து
பத்து நிமிஷம் ஓடவிடுகிறாராம், நின்ற இடத்திலேயே.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அங்கே பனி தொடங்கிவிட்டது என்றார்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழை பிடித்தது.
பிடித்தது என்றால்,
முன்னால் போன லாரியையே காணோம்.
வைப்பர் போட வேண்டும்.
இத்தனை மாதம் அடித்துப் பழக்கிய கை
சமர்த்தாக
வலப்பக்கக் குச்சியைத் தட்டியது.
டிக் டிக் டிக் என்று
கொட்டும் மழையிடம் வண்டி சொல்லிற்று
வலப்பக்கம் திரும்பப் போகிறேன்.

பின்னால் வந்த பைக்காரர் நம்பிவிட்டார்.
ரெயின்கோட்டோடு ஒதுங்கி நின்றார்.
எதிரே வந்த மாநகரப் பேருந்து,
யாருக்கும் அது நின்று நான் பார்த்ததில்லை,
நின்றது.
ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி
முழங்கை வரை நனைய
போம்மா, போ என்று வீசினார்.

இல்லை, நான் நேரே போகிறவள்,
இது கை செய்த பிழை என்று
எந்த ஹாரனில் சொல்வது?

திரும்பினேன்.

பெயர் தெரியாத தெரு.
கணுக்கால் தண்ணீர்.
தார்ப்பாய் போர்த்திய இஸ்திரி வண்டிக்கடியில்
ஒரு நாயும் ஓர் ஆளும்.
இண்டிகேட்டர் தானாக அணைந்திருந்தது.
வைப்பரை நான் இன்னும் போடவில்லை.
கண்ணாடி முழுக்க ஊர் வழிந்துகொண்டிருந்தது.

அந்த ஆள் எழுந்து வந்து
ஜன்னலைத் தட்டிக் கேட்டார்:
"யாரு வீட்டுக்கும்மா?"