613

பழைய ஐந்து ரூபாய்க் குற்றியின் அளவுதான் தட்டு.
வெளிச்சத்தில் பிடித்தால்
உள்ளே புகார் படிந்த மாதிரி.
அது புகார் இல்லை, துளைகள். எட்டு லட்சம்.
ஒவ்வொன்றும் தலைமயிரிலும் ஒடுக்கம்,
எல்லாம் ஒரே பக்கமாய் எட்டுப் பாகை சாய்ந்திருக்கும்.

நேராக இருந்தால் இலத்திரன்
சுவரில் படாமலே போய்விடும்.
படவேண்டும். மோதவேண்டும்.
மோதினால் சுவர் இரண்டு மூன்றை உதறும்,
அவை எதிர்ச்சுவரில் மோதும்,
ஒன்று நுழைந்த துளையின் மறுவாயில்
பத்தாயிரம் கொட்டும்.

வெறுங்கண்ணாடி உதறாது.
அதற்குத் தோல் போர்த்தவேண்டும்:
மின்சாரத்தைக் கஞ்சத்தனமாய்க் கடத்தும் ஒன்று,
அதன்மேல் இலத்திரனைத் தாராளமாய் விடும் இன்னொன்று.
தூரிகை நுழையாது. தெளித்தால் வாய் மட்டும் நனையும்.
ஆகவே ஆவி.

அலுமினிய ஆவி, அரை நொடி.
கழுவ நைதரசன், பன்னிரண்டு நொடி.
நீராவி, அரை நொடி.
மறுபடி நைதரசன்.
இது ஒரு சுழற்சி, ஒரு அணுவின் தடிப்பு கூட வராது.
அதற்குள் என் நகம்
இருநூறு மடங்கு வளர்ந்துவிடுகிறது.

அந்த அலுமினியக் குப்பி
ஒருகொடவத்தைச் சுங்கத்தில் ஐந்து மாதம் கிடந்தது.
காற்றுப் பட்டால் பற்றும் என்ற சீட்டை
அதிகாரி மூன்று தரம் வாசித்தார்.
"எதுக்கு மிஸ் இது?"
"இருட்டுக்குள்ள ஒரு பொட்டு வெளிச்சம் வந்தா எண்ணுறதுக்கு."
"ஒண்டை எண்ணவா இவ்வளவு?"
முத்திரையை மையில் ஒற்றினார்.

ஏப்ரல். இரவு.
பகலில் ஆய்வுகூடத்து வோல்ற்றளவு நடுங்கும் என்பதால்
நானும் ருஸ்னாவும் இரவுகளை எடுத்துக்கொண்டோம்.
அவள் சஹர் சோற்றுப் பார்சலை
அறைக்கு வெளியே, வராந்தாவில், பிரித்த நேரம்
அறுநூற்றுப் பன்னிரண்டில் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் பீடாதிபதி அலுவலகத்துக்கு மட்டும்.

பம்ப் ஒரு தரம் இருமி நின்றது.
வெடித்த றப்பர் வளையத்தால்
கொழும்பு உள்ளே வந்தது.
கடல் ஈரம், காலி வீதிப் புகை,
தேர்ஸ்டன் வீதியில் அன்று பின்னேரம் பெய்து
இன்னும் தாரிலிருந்து எழுந்துகொண்டிருந்த மழை.
எங்களுக்கு வேண்டியதும் நீராவிதான்,
அரை நொடி.
இது இருபத்தெட்டு நிமிடம் நின்றது.

போன் வெளிச்சத்தில்
பதிவேட்டின் "வாயு" என்ற நிரலில் எழுதினேன்:
613. கொழும்பு.

ருஸ்னா சிரிக்கவில்லை.
"விபுலசேன சேர் பாப்பார். அழிச்சு விடுங்க."
பேனையால் எழுதியிருந்தேன்.

எறிவதா?
தட்டு ஒன்றுதான் இருந்தது.
கரண்ட் வந்ததும் ஒரு மணித்தியாலம் சூடாக்கி
அறுநூற்றுப் பதினான்கைத் தொடங்கினோம்.
சுபஹ் பாங்கு கேட்டபோது அறுநூற்று இருபத்தொன்பது.

இரண்டு கிழமை கழித்து இருட்டுப் பெட்டி,
ஆயிரம் வோல்ற்று.
தடை சரியாக இருந்தது. மூவரும் மூச்சு விட்டோம்.
பச்சைத் திரையில் ஒற்றை ஒற்றையாய்ப் போட்டன்கள்,
தகரக் கூரையில் முதல் மழை விழுகிற மாதிரி,
ஒன்று, எங்கோ தள்ளி ஒன்று.

விளக்கை அணைத்து மூடியும் போட்டோம்.
எல்லாம் அடங்கியது,
இடப்பக்க ஓரத்தில் ஒரு புள்ளியைத் தவிர.
விநாடிக்கு நாற்பது.
உள்ளே எதுவும் நுழையவில்லை,
ஆனாலும் அது அறிவித்துக்கொண்டே இருக்கிறது.

உப்புத் துகள் என்கிறாள் ருஸ்னா.
கண்ணாடியிலேயே இருந்த பொட்டாசியம் என்கிறார் சேர்.
பதிவேட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தில் நின்றார்,
ஒன்றும் கேட்கவில்லை,
ஓரத்தில் கையொப்பம் வைத்தார்.

அந்தப் புள்ளியைக் கணக்கில் எடுக்காதே என்று
மென்பொருளுக்குச் சொல்லிவிட்டோம். அது எடுப்பதில்லை.
நான் மட்டும் வீட்டுக்குப் போகமுன்
ஒருக்கால் திரையைத் திறந்து பார்ப்பேன்.

புது வளையத்தின் விலை எண்ணூற்றைம்பது ரூபாய்.
நிதிப்பிரிவு மூன்று விலைமனு கேட்கிறது.