பாகக் கணக்கு

பகலில் நான் பல் செய்கிறேன்.
டொக்யார்ட் வீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
மெழுகு, சாந்து, அடுத்தவர் வாய்களின் அச்சு.
ஆறு மணிக்கு டொக்டர் படியிறங்கியதும்
அவர் தேய்த்துக் கழித்த துரப்பண ஊசிகளைக் கழுவியெடுத்து
முட்டைக்கு மாறுகிறேன்.

ஈமு முட்டை.
பெண்டிகோவில் பண்ணை வைத்திருக்கும் மச்சான்
ஊதி வெறுமையாக்கி,
காலுறைக்குள் ஒவ்வொன்றாய்த் திணித்து அனுப்புவான்.
கொழும்பில் பெட்டியைப் பிரித்த சுங்க அதிகாரி
கடும்பச்சையாய் ஏதோ உருளக் கண்டு
ஓரடி பின்னால் வைத்தாராம்.
பெறுநர் முகவரி திருகோணமலை.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
ஏழில் ஒன்று அப்போதுதான் கீறல் விட்டது.

முட்டையில் மயிர் பிடுங்குகிறவள் என்று
வீட்டில் எனக்குப் பெயர்.
பிழையில்லை. மயிர்க் கனம்தான் ஒவ்வொரு படையும்:
மேலே கரும்பச்சை, ஆனைக்கொய்யாத் தோல் போலச் சொரசொரப்பு;
அதன் கீழே மயில் கழுத்து; அதற்கும் கீழே
மழைவிட்ட பின்னேரத்தின் சாம்பல்நீலம்;
கடைசியில் வெள்ளை.
வெள்ளைக்குப் பிறகு காற்று.

எல்லோருக்கும் மான்தான் வேணும்.
கோட்டை வாசலில் பொலித்தீன் மெல்லும் மானுக்கு
கொம்பும் கம்பீரமும் செதுக்கிக் கொடுத்து
காசு வாங்குகிறேன்.

சித்திரையில் வந்தவர் வேறு மாதிரி.
கப்பல்களை உள்ளே கூட்டிவரும் பைலட்டாய் இருந்து
ஓய்வுபெற்ற தியோப்பிலஸ் ஐயா.
கக்கத்தில் சுருட்டிய வரைபடம்.
"துறைமுகத்தைச் செய்து தா.
அடி தெரிய வேணும். தண்ணி வேண்டாம்."

வரைபடம் முழுக்க எண்கள்.
நாலு பாகம், ஒன்பது பாகம்,
கொட்டியாரக் குடாவில் இறங்க இறங்கப் பருத்தன.
இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்.
என் கையில் இருப்பதோ மொத்தமே ஒரு நகத் தடிப்பு.
கணக்கில் முட்டை வாங்கினவள்
முட்டையில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன்.

முதல் இரவே சங்கடம்.
கடலில் கரை வெளுப்பு, ஆழம் கறுப்பு.
முட்டையில் மேல் கறுப்பு, அடி வெளுப்பு.
உப்புவெளி அலைவிளிம்பு கரும்பச்சையாய் நிற்க,
பெருங்கப்பல் மிதக்கும் பள்ளமெல்லாம்
பால் போல வெளுத்துக்கொண்டு வந்தது.
தலைகீழாய் வருகிறதே ஐயா என்று போன் எடுத்தேன்.
"இருட்டில் நீ எப்பவாவது துறைக்குள்ள வந்திருக்கிறியா?" என்றார்.
வைத்துவிட்டார்.

இருபத்திமூன்று இரவு.
ஊதிய துளைக்குள் பொம்மைக் காரின் மின்குமிழை விட்டு
நிறம் பார்த்துச் சுரண்டினேன்.
ஓடு மெலியும்போது சத்தம் மாறும்:
வண்டு நுளம்பாகும்.
அப்போது மூச்சையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

துறை வாய்க்கு வெளியே,
எண்கள் மூன்று இலக்கமான இடத்தில்
என்னிடம் ஓடு தீர்ந்தது.
ஆழம் இன்னும் பாக்கி.
நிறுத்தியிருக்கலாம்.
டொக்டர் கைவைக்கும் பல்லென்றால்
கத்துவதற்கு அங்கே ஓர் ஆள் இருப்பார்.
இங்கே நுளம்புதான் கத்தியது. பிறகு
டக்.
கடுகளவு துளை.
அதன் வெளிச்சம் மேசையில், என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில்.

சொல்லாமல் கொடுத்தேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றி
முட்டையை மூக்கருகே பிடித்து
வெளிக்கடலிலிருந்து சின்னிவிரலால் தடவி வந்தார்,
மெதுவாக, எதிரே வரும் எதற்கோ வழிவிட்டு.
துளையில் விரல் நின்றது.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
"ஆழம் சரி," என்றார்.
"இடம்தான் அரை மைல் வடக்கே போயிட்டு."

காசை எண்ணி வைத்தார்.
ஐந்நூறு குறைந்தது.
"அரை மைலுக்கு."

மறுநாள் மறுபடியும் மான்,
ஒரு வங்கி முகாமையாளரின் பிரியாவிடைக்கு.
கொம்பில் தொடங்கியபோதுதான் கவனித்தேன்,
கை உண்மையாகவே
கொஞ்சம் வடக்கே இழுக்கிறது.