யாரும் கேட்காத கட்டம்

டொங்காட்டில் கரும்பு கொளுத்தும் மாதம்.
மைதானத்தின் மேல் கறுப்புத் துகள்கள் இறங்குகின்றன,
ஸ்கோர் புத்தகத்தின் மேலும்.
ரன் இல்லாத பந்துக்கு நான் வைக்கும் புள்ளியும்
காற்று வைக்கும் புள்ளியும்
ஒரே அளவு.

வாரத்தில் ஐந்து நாள் ஆலையின் எடைமேடையில் இருப்பேன்.
லாரி ஏறும். முள் ஆடும். நிற்கும்.
நின்ற பிறகுதான் எழுதுவேன்.
ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரை நிறுக்கிறேன்,
முள் நிற்பதே இல்லை.
எங்கள் லீக்கின் எண்கள் எந்தச் செய்தித்தாளிலும் வராது.
இந்தப் புத்தகம் தொலைந்தால்
யாருமே ஆடவில்லை.

பூபாலன் மூட்லி: சராசரி முப்பத்தொன்று புள்ளி நான்கு.
அவன் கவர் டிரைவ் ஆடினால்
சமோசா விற்கிறவள் சில்லறை தர மறப்பாள்.
கிஸ்டன்: இருபத்திரண்டு புள்ளி ஆறு.
ஆணியில் சிக்கிய சட்டையை இழுப்பதுபோல் ஆடுவான்.

ஆனால் என்னிடம் இன்னொரு கட்டம் இருக்கிறது,
ஸ்கேல் வைத்து நானே கோடு போட்டது.
அவன் உள்ளே வந்தபோது
பலகையில் என்ன இருந்தது?
பூபாலன் வந்தபோது எண்பது, ஒரு விக்கெட்.
நூற்றுப்பத்து, இரண்டு விக்கெட்.
கிஸ்டன் வந்தபோது பதினேழு, நான்கு விக்கெட்.
முப்பது, ஐந்து விக்கெட்.
ஒன்பது, நான்கு விக்கெட், அதுவும் மழைக்குப் பிறகு.

மாரிட்ஸ்பர்க் ஆட்டத்துக்கு ஒரே ஓர் இடம்.
கூட்டம் மிஸ்டர் படையாச்சியின் கராஜில், காரை வெளியே விட்டுவிட்டு.
கட்டத்தைக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
திரும்பப் போடவில்லை.
"தயா, கேட்கிற கணக்கை மட்டும் சொல்லு."
பூபாலன் பெயரை எழுதினார்கள்.

எழுபத்துமூன்று அடித்தான். ஜெயித்தோம்.
நான்தான் எழுதினேன், ஒரு ரன் குறைக்காமல்,
பென்சிலின் அழுத்தம் மாறாமல்.
ஒரு ஞாயிறு கணக்காகாது என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
ஆனால் அவன் உள்ளே வந்தபோது
இருபத்தாறு, நான்கு விக்கெட்.
என் கட்டத்தில் அதையும் எழுத வேண்டியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில்
பன்னிரண்டாவது ஆளாக வந்திருந்த கிஸ்டன் பக்கத்தில் உட்கார்ந்தான்,
கால்களுக்கிடையே தண்ணீர் வாளி.
"நான் எவ்வளவு?"
"இருபத்திரண்டு புள்ளி ஆறு."
"அது தெரியும்."
பழைய பக்கம் ஒன்றைத் திருப்பி, புத்தகத்தை அவன் மடியில் வைத்தேன்.
விரல் ஒன்பதில் நின்றது.
பிறகு அவன் வரிசைக்கு நகர்ந்து
புள்ளி புள்ளியாகப் போனது.
ஒன்று மட்டும் கூடவே இழுபட்டு வந்தது.
பஸ் டர்பன் தாண்டும்வரை
அவன் பேசவில்லை. வாளி மட்டும் கலகலத்தது.

வீட்டில் பல்பின் கீழ் பார்த்தேன்,
பென்சிலா, சாம்பலா?
அவன் வரிசையில் முப்பத்தெட்டுப் பந்து.
பந்துவீச்சுப் பக்கத்தைக் கூட்டினால் முப்பத்தேழு.
சாம்பல்தான்.

ஒரு பந்தைக் குறைத்தேன்.
கறையை அழிக்கவில்லை.