தண்ணீர் பார்க்கும் பக்கம்

கால்வாய்க்கு ஒரு முழம் மேலே
பசுவை நிற்க வைத்திருந்தேன்.
மூன்று வாரமாகியும் அது
ஒட்டிய பசுவாகவே இருந்தது.

கால்வாய் நான் எடுத்தது.
ஹார்லிங்கன் சாலைக் கரையில் நின்று,
நவம்பர், மாலை மூன்றரை,
வெயில் என்று ஃபிரீஸ்லாந்தில்
நாங்கள் மரியாதைக்குச் சொல்லும் ஒன்றில்.
பசுவை எடுத்தவள் டவ்வெயின் மகள்.
டிராக்டர் இருக்கையிலிருந்து, ஜூன், உச்சிவேளை.
அவள் படத்தில் பசுவின் முதுகு
விரித்த பாய்போலக் கிடந்தது.
என் அடிவானமோ அதன் காதோடு போனது.
இரண்டு பேர் பார்வையை ஒரு தாளில் ஒட்டிவிட்டு
இதை யார் பார்த்தது என்று கேட்டால்
யாருமே பார்க்கவில்லை.

போனேன். சேற்றில் நின்றேன்.
என் கண்ணுயரத்தில், என் நவம்பரில்
சீட்ஸ்கெயை இடப்பக்கமாக எடுத்தேன்.
உடம்பெல்லாம் கறுப்பு, அடிவயிறு மட்டும் வெள்ளை.
புல்லைவிட்டுத் தலை தூக்க மறுத்தாள்.
இருக்கட்டும், படத்தில் காற்றை மேயட்டும்.

பிறகு நீர்.
பசுவைப் பிரதி எடுத்துத் தலைகீழாய்க் கவிழ்த்தேன்,
மங்கலாக்கினேன், சிற்றலையால் கீறினேன்.
மதகுக்காரர் ஹில்கெ காப்பிக் கோப்பையோடு
வெகுநேரம் பார்த்தார்.
"நல்லாத்தான் இருக்கு, வித்ஸ்கெ.
ஆனா தண்ணி இந்தப் பசுவைப் பார்க்கவே இல்லையே."
முப்பது வருடம் நீரைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவர்.
எனக்குக் கோபம் வந்தது.

இரவு, கைக்கண்ணாடியை மேசையில் கிடத்தி
அதற்கு மேலே ஒரு தீப்பெட்டியைப் பிடித்தேன்.
எனக்குத் தெரிந்தது கப்பல் படம்.
கண்ணாடிக்குத் தெரிந்தது அடிப்பக்கம்:
விலைச்சீட்டு, ஈரத்தில் உரிந்த மூலை.
நான் எவ்வளவு மேலேயோ அவ்வளவு கீழே
ஒருத்தி இருக்கிறாள்.
அவள் பார்ப்பதைத்தான்
நீர் என்னிடம் சொல்கிறது.
எங்கள் இருவருக்கும் அடிவானம் மட்டும் ஒன்று.

ஆக, பசுவுக்கு அடியில் போக வேண்டும்.
டவ்வெயின் கறவைக் கூடத்தில்
கறப்பவர் நிற்க நீளக் குழி உண்டு,
இரு பக்கமும் வரிசையாய் மாடுகள்.
அதில் குந்தி, கேமராவை விளிம்பில் வைத்து
மேலே பார்த்தேன்.
இத்தனை காலம் நான் பசுவே பார்த்ததில்லை.
வயிறு ஒரு கூரை.
அதில் விரல் தடிமனில் நெளிந்தோடும் பால் நரம்பு.
மடியின் அடியில் நான்கு காம்பும் நான்கு திசைக்கு.
தொடையிடுக்கில் நேற்றைய சாணம்.
இரண்டாவது படத்துக்குள் சிறுநீர் கழித்தாள்.
லென்ஸைத் துடைத்தேன்,
முகத்தைப் பிறகு.

அந்த வயிற்றை நீரில் வைத்ததும்
மேலே பசு கனத்தது.
குளம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே
ஒரு முழக் காற்று
முதன்முறையாக அங்கே இருந்தது.

ஊர் எடைக்கூடத்தில் மாட்டினார்கள்.
வந்தவர்கள் பசுவைப் பார்த்துச் சிரித்தார்கள்,
பாலாடைக்கட்டி தின்றார்கள்.
டவ்வெ மட்டும், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில்,
குனிந்து நீரைப் பார்த்தான்.
"இவளுக்குப் பின்னங்காம்பு ஒண்ணு அடைப்பு. இடது."
அதற்கென்ன என்றேன்.
"மேலே நிக்கிறது இடப்பக்கம்.
கீழே அந்தக் காம்பு அந்தண்டை போயிருக்கே."

குழியில் அவள் எனக்குக் காட்டியது வலப்பக்கம்.
கவிழ்ப்பதற்குப் பதில் சுழற்றியிருக்கிறேன்.
தலைக்கு நேரே தலை வந்தது,
நம்பிவிட்டேன்.

ஹில்கெ சிரிக்காமல் நின்றார்.
அதற்கு அவர் பட்ட பாடு
சுவரில் இருந்த மஞ்சள் விளக்கடியில் நன்றாகத் தெரிந்தது.

"திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கறவை,"
என்றான் டவ்வெ.
"எதிர் வரிசையில் நிறுத்துறேன்.
தொப்பி போட்டுக்கிட்டு வா."